மரண வரி: விவசாய நிலமும் உழவர் எதிர்ப்பும்

ஒருவர் இறந்தபின் அவர் விட்டுச்சென்ற சொத்து வாரிசுகள் கைக்கு வரும்போது அரசு அதன்மேல் விதிக்கும் வரி மரண வரி. அரசு ஏடுகளில் இதன் பெயர் எஸ்டேட் டூட்டி. மக்கள் வழக்கில் சாவு வரி, வாரிசு வரி. இதில் இரண்டு வகை உண்டு. இறந்தவரின் மொத்தச் சொத்தையும் ஒரே கட்டாக மதித்து விதிப்பது ஒன்று. வாரிசுகள் ஒவ்வொருவருக்கும் கிடைத்த பங்கின்மேல் தனித்தனியாக விதிப்பது இன்னொன்று. இந்தியா முழுவதற்குமான சட்டமாக வந்தது முதல் வகை. அது 1953 அக்டோபர் 15 முதல் 1985 மார்ச் வரை இருந்தது.

இவ்வரலாற்றில் ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி வட்டாரம் பலமுறை குறுக்கிடுகிறது. உழுபவன் பெயரிலேயே பட்டா தரும் ரயத்துவாரி முறை தோன்றிய பாராமகாலை, அதாவது கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியை, ஒட்டிய மேட்டு நிலம் இது. நிலத்தின்மேல் அரசின் கை நீளுவதை எதிர்த்து ஒரு கட்சியையே தொடங்கிய இராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும் இதே தென்பெண்ணைக் கரையில்தான் இருக்கிறது. தகப்பன் நிலம் பிள்ளைக்கா, தொழிற்பேட்டைக்கா என்ற கேள்வி தமிழ்நாட்டில் இன்று அழுத்தமாகக் கேட்கும் இடங்களில் ஒன்றும் இதுவே.

ரயத்துவாரிக்கு முன்னும் பின்னும்

ஓசூர் மேட்டில் பாகலூர், பேரிகை, சூளகிரி, அங்குசகிரி முதலிய பாளையங்கள் இருந்தன. சாதாரணக் குடியானவர் நிலம் தலைமுறை மாறியபோது என்ன கட்டினார் என்பதைப் பழைய நூல்கள் விரித்துச் சொல்வதில்லை.

1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனி வசம் வந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோ, வில்லியம் மெக்லியோட், ஜேம்ஸ் கிரகாம் ஆகியோரும் ஊர் ஊராக நிலத்தை அளந்து தீர்வை போட்டார்கள். ஓசூரையும் இக்கணக்கில் சேர்த்து எழுதுபவர்கள் உண்டு, அது சரியல்ல. கணவாய்க்கு மேலே இருக்கும் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதி, பழைய பெயரில் பாலாகாட், 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகே கம்பெனிக்கு வந்தது. ரீடும் மன்றோவும் உருவாக்கிய முறையில் ஆண்டுதோறும் தீர்வை கட்டும்வரை நிலம் உழவருடையது. அதை அவர் விற்கலாம், அடகு வைக்கலாம், பிள்ளைகளுக்கு விடலாம். தகப்பன் பெயர் நீங்கி மகன் பெயர் ஏறும்போது தனி வரி எதுவும் கிடையாது. தீர்வையே கடுமையாக இருந்த காலத்தில் இது பெரிய ஆறுதலாக இருந்திருக்காது. ஆனாலும் வாரிசுரிமைக்கு அரசு விலை கேட்பதில்லை என்ற எண்ணம் இங்கு ஊன்றிப்போனதற்கு அடி இதுதான்.  

பாராமகாலை உள்ளடக்கிய சேலம் மாவட்டம் பின்னர் மிட்டா எனும் சிறு ஜமீன்களாகக் கூறு போடப்பட்டதும், மன்றோ ஆளுநராக வந்த 1820ஆம் ஆண்டை ஒட்டி ரயத்துவாரி மீண்டதும் தனி வரலாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தலைப்பின் கீழ் எழுத வேறு அதிகமில்லை.

சட்டம் வந்த வழி

பிரிட்டனில் 1894ஆம் ஆண்டு நிதியமைச்சர் வில்லியம் ஹார்கோர்ட் கொண்டுவந்த மரண வரி பெரும் பண்ணைகளை உலுக்கியது. இந்தியாவில் சர் சார்லஸ் டாட்ஹன்டர் தலைமையிலான 1924–25 வரி விசாரணைக் குழு இவ்வரியைப் பரிசீலித்தது. டாட்ஹன்டர் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஐ.சி.எஸ். அதிகாரி. 1935 இந்திய அரசுச் சட்டம் விவசாய நிலத்தின் வாரிசு வரியை மாகாணங்களுக்கும், மற்றச் சொத்துகளின் வாரிசு வரியை மத்திய அரசுக்கும் ஒதுக்கியது. ஆனால் அங்கே சொல்லப்பட்டது வாரிசு வரி. எஸ்டேட் டூட்டியும் அதற்குள் அடங்குமா என்ற ஐயம் 1944இல் கூட்டாட்சி நீதிமன்றம் வரை போயிற்று. அடங்காது என்று நீதிமன்றம் கருத்துச் சொன்னதால், 1945இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பும் அதே பிரிவினையைக் காப்பாற்றியது. விவசாய நிலம் நீங்கலான சொத்தின் மரண வரி மத்தியப் பட்டியலில் 87ஆம் இனம். விவசாய நிலத்தின் மரண வரி மாநிலப் பட்டியலில் 48ஆம் இனம். எனவே சி. டி. தேஷ்முக் நிதியமைச்சராக இருந்து நிறைவேற்றிய 1953ஆம் ஆண்டுச் சட்டம் நேரே வயலுக்குள் கால் வைக்க முடியவில்லை. 252ஆம் பிரிவின்படி மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டு அழைத்தால்தான் அங்குள்ள விவசாய நிலத்துக்கு அது பொருந்தும். எல்லா மாநிலங்களும் ஒரே நாளில் அழைக்கவுமில்லை. சென்னை மாநில நிலங்களும் இதன் வரம்புக்குள் வந்தன.

சட்டம் வயலில் எப்படி இறங்கியது

1953இல் 1 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்துக்கு வரி இல்லை. பிறப்பிலேயே மகனுக்குப் பங்கு தரும் மிதாட்சர முறைக் கூட்டுக் குடும்பத்தில் இறந்தவரின் பங்குக்கு மட்டும் விலக்கு வரம்பு 50,000. 1958ஆம் ஆண்டுத் திருத்தம் பொது வரம்பையும் 50,000 ஆகக் குறைத்தது. உச்ச விகிதம் முதலில் 40 விழுக்காடு. 1960களின் நடுவில் அது 85 விழுக்காடு வரை ஏறிற்று. நிலத்தின் மதிப்பு அது தரும் விளைச்சலைக் கொண்டு போடப்படவில்லை. இறந்த நாளில் சந்தையில் என்ன விலை போகுமோ அதுவே மதிப்பு. குடும்ப நிலம் வைத்திருப்போர் எந்த நாட்டிலும் முதலில் சொல்லும் குறை இதுதான்: நிலத்தின் விலை ஏட்டில் இருக்கிறது, வரியோ ரொக்கமாகக் கேட்கப்படுகிறது.

ஏர், கலப்பை போன்ற பிழைப்புக் கருவிகளையும் வீட்டுச் சாமான்களையும் சேர்த்து ஒரு சிறு தொகைவரை விலக்கு இருந்தது. அதே சொத்து ஐந்து ஆண்டுகளுக்குள் இன்னொரு சாவால் மறுபடி கைமாறினால் வரி குறையும். இரண்டு சாவுக்கும் இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு சலுகை கூடும். அடுத்தடுத்துத் துக்கம் விழுந்த வீட்டை நினைத்து எழுதப்பட்ட இப்பிரிவு, இச்சட்டத்திலேயே மனிதரை அறிந்து எழுதிய பிரிவு என்று சொல்லத் தகும்.

மானாவாரிக் கொல்லைகள் நிறைந்த ஓசூர் வட்டத்தில் இது எத்தனை பேரைத் தொட்டிருக்கும்? ஒரு கணக்குக்காக ஏக்கர் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50,000ஐ எட்ட 100 ஏக்கர் வேண்டும். அதுவும் இறந்தவரின் பங்காக மட்டும். மூன்று மகன்கள் உள்ள கூட்டுக் குடும்பத்தில் தகப்பன் பங்கு நாலில் ஒன்று. அப்படியானால் குடும்பத்துக்கு 400 ஏக்கர் இருந்தால்தான் வரி அந்த வீட்டு வாசலை மிதிக்கும். கேழ்வரகும் கொள்ளும் விதைத்துப் பிழைத்த வீடுகளுக்கு இது எட்டாத தொலைவு. வரி உண்மையில் தொட்டது மலைத்தோட்டங்களையும், பழைய மிட்டாதார், மிராசுதார் குடும்பங்களையும், நஞ்சை விலை ஏறிய ஆற்றுப்பாசனப் பகுதிகளையும்தான்.

எனவே எதிர்ப்பும் வீதிக்கு வரவில்லை. சாவு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு நாளில் விழுகிறது. மின்கட்டண உயர்வைப் போல ஊரையே ஒரே நாளில் தொடுவதில்லை. எதிர்ப்பு நீதிமன்றத்திலும் பதிவு அலுவலகத்திலும் நடந்தது. இறந்தவரின் பங்குக்கு வரி விகிதம் கணக்கிடும்போது மகன்களின் பங்கையும் சேர்த்து எண்ணி விகிதத்தை உயர்த்தும் 34ஆம் பிரிவின் ஒரு பகுதி, சமத்துவ உரிமைக்கு முரணானது என்று 1970களின் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியது. வேறு சில உயர் நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை. இன்னொரு வழி, தகப்பன் கண்ணெதிரிலேயே பாகம் பிரித்துப் பத்திரம் பதிவது. தானமாகக் கொடுத்தால் கொடுத்தவர் இரண்டு ஆண்டாவது உயிரோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் வரிக்குள் வரும்.

அக்காலத்துப் பாகப்பிரிவினைகள் பெருகியதற்கு மரண வரிதான் காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். இதை முழுவதும் ஏற்பது கடினம். தமிழ்நாட்டு நில உச்சவரம்புச் சட்டம் 1960 ஏப்ரல் 6ஐக் கணக்குத் தேதியாக வைத்து ஒரு குடும்பத்துக்கு 30 நிலைப்படுத்திய ஏக்கர் என்று வரம்பு கட்டியது. 1970இல் அது 15 ஆனது. நிலத்தைப் பிரித்து எழுத இந்த அச்சமே போதும். இரண்டில் எது எத்தனை பத்திரத்தை எழுத வைத்தது என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல.

தொரப்பள்ளியிலிருந்து சுதந்திராக் கட்சி வரை

மரண வரிச் சட்டம் நிறைவேறிய 1953இல் சென்னை மாநில முதலமைச்சர் இராஜாஜி. 1878 டிசம்பர் 10இல் தொரப்பள்ளியில் பிறந்தவர். தகப்பனார் அவ்வூர் முன்சீப். தீர்வை வசூலிக்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு வரி என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது. அவர் வரியே கூடாது என்றவருமல்லர். 1937–39 ஆட்சியில் மதுவிலக்கால் வந்த இழப்பை ஈடுகட்ட விற்பனை வரியை இந்தியாவுக்கே முன்மாதிரியாகக் கொண்டுவந்தவர் அவர்.

1959 ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணை முறையை ஏற்றுத் தீர்மானம் போட்டது. குடும்ப உழவு அழியும் என்று அதை எதிர்த்தவர்களில் முன்னின்றவர் ஆந்திரத்து விவசாயிகள் தலைவர் என். ஜி. ரங்கா. அவர் காங்கிரஸிலிருந்து விலகினார். அகில இந்திய விவசாயிகள் கூட்டமைப்பு கூடிய வேளையில், 1959 ஜூன் 4ஆம் நாள் சென்னையில் சுதந்திராக் கட்சி அறிவிக்கப்பட்டது. ரங்கா தலைவர், வழிகாட்டி எண்பது வயதைத் தாண்டிய இராஜாஜி. தானே உழுது, தன் குடும்பத்தோடு பயிர் செய்து, பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் சிறு உடைமையாளரைக் கட்சி தன் கொள்கையின் நடுவில் வைத்தது. மன்னர்களும் ஆலை முதலாளிகளும் அக்கட்சியில் இருந்ததால் இதை வெறும் முகமூடி என்றார்கள் எதிரிகள். ரங்காவின் வாழ்க்கையைப் படிப்பவர்களால் அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

நிலம் பற்றிய இப்போராட்டம் உச்சம் தொட்டது 1964இல். சென்னை நில உச்சவரம்புச் சட்டத்தை அந்த ஆண்டு மார்ச்சில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஜூனில் வந்த 17ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அச்சட்டத்தை ஒன்பதாம் அட்டவணையில் வைத்துக் காப்பாற்றியது. அதோடு 'எஸ்டேட்' என்ற சொல்லின் பொருளை விரித்து ரயத்துவாரி நிலத்தையும் அதற்குள் அடக்கியது. ஜமீனைக் குறித்த சொல், மன்றோ காலத்திலிருந்து தன் பேரில் பட்டா வைத்திருந்த குடியானவரின் கொல்லையையும் குறிக்கத் தொடங்கியது. சுதந்திராக் கட்சி இதை நாடெங்கும் எதிர்த்தது. சுயசாகுபடியில், வரம்புக்குள் இருக்கும் நிலத்தை எடுத்தால் சந்தை விலைக்குக் குறையாமல் இழப்பீடு தர வேண்டும் என்ற பாதுகாப்பும் அதே திருத்தத்தில் இடம்பெற்றது. பிற்காலத்தில் நிலம் கையகப்படுத்தலை எதிர்த்து எழுந்த குரல்களுக்கு முன்னோடி இங்கே இருக்கிறது. 1967இல் தி.மு.க. கூட்டணியில் தமிழ்நாட்டில் 20 சட்டமன்ற இடங்களை வென்ற கட்சி, 1972 டிசம்பரில் இராஜாஜி மறைந்தபின் தேய்ந்துபோனது.

வேறு வரிகள், வேறு போராட்டங்கள்

விவசாய வருமானத்துக்குச் சென்னை மாநிலம் 1955இல் வரி போட்டது. முதலில் தோட்டப் பயிர்களுக்கு. 1969 நிதிச் சட்டம் விவசாய நிலத்தைச் செல்வ வரிக்குள் கொண்டுவந்தது. பஞ்சாபிலிருந்து போன வழக்கில் 1971இல் உச்ச நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில் அதைச் செல்லும் என்றது. கே. என். ராஜ் குழு 1972இல் விவசாய உடைமை வரியைப் பரிந்துரைத்தது. ஆர். வெங்கட்ராமன் நிதியமைச்சராக இருந்தபோது, தோட்டங்கள் நீங்கலாக, விவசாய நிலம் செல்வ வரியிலிருந்து விடுபட்டது.

தமிழ்நாட்டு உழவர் வீதிக்கு வந்தது மின்கட்டணத்துக்காக. யூனிட்டுக்கு ஒரு பைசாவுக்காக நடந்ததென்று கொங்கு நாட்டில் இன்றும் நினைவுகூரப்படும் போராட்டத்தில், 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். 1972 ஜூனில் கோவை நகருக்குள் மாட்டு வண்டிகளை ஓட்டிவந்து நிறுத்தினார்கள். மாட்டை அவிழ்த்து வண்டியை நடுவீதியில் விட்டால் போலீஸ் எதை இழுத்து எங்கே கொண்டுபோகும்? 2020களில் டில்லியிலும் லண்டனிலும் டிராக்டர்கள் நின்ற காட்சியைப் பார்த்தவர்கள் கோவையின் அந்த வண்டிகளையும் சேர்த்து நினைக்க வேண்டும். 1972 ஜூலை 5இல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த விவசாயிகளின் நினைவாகவே அந்நாள் உழவர் தினமாயிற்று. இவ்வியக்கத்தின் தலைவர் வையம்பாளையம் சி. நாராயணசாமி நாயுடு 1984 டிசம்பர் 21இல் கோவில்பட்டியில் காலமானார். மின்சாரம், கடன், விளைபொருள் விலை ஆகியவையே அவருடைய முதன்மைக் கோரிக்கைகள்.

நீக்கம்

நாராயணசாமி நாயுடு மறைந்து மூன்று மாதத்தில், 1985 மார்ச் 16இலோ அதன் பிறகோ நேரும் மரணங்களுக்கு எஸ்டேட் டூட்டி இல்லை என்று நிதியமைச்சர் வி. பி. சிங் பட்ஜெட்டில் அறிவித்தார். ஆண்டுக்குச் சுமார் 20 கோடி ரூபாய்தான் வருகிறது, அதைத் திரட்டும் செலவும் சிக்கலும் அதிகம் என்பதே சொல்லப்பட்ட காரணம். விவசாய நிலம் மாநிலப் பொருள் என்பதால், அதன்மேல் இருந்த வரியை எடுக்கவும் மாநிலங்களின் தீர்மானம் தேவைப்பட்டது. உழவர் எதிர்ப்புதான் இவ்வரியை வீழ்த்தியது என்று சொல்வதற்கில்லை.

2012இல் நிதியமைச்சராக இருந்த ப. சிதம்பரம் இவ்வரியை மீண்டும் எண்ணிப் பார்க்கலாமா என்று கேட்டார். 2024 மக்களவைத் தேர்தலின்போது காங்கிரஸைச் சேர்ந்த சாம் பித்ரோடா வாரிசு வரி பற்றிப் பேசியதால் சில நாள் விவாதம் நடந்தது. பிரிட்டனில் 10 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட பண்ணைச் சொத்துக்கு 20 விழுக்காடு வரி என்ற 2024 அக்டோபர் அறிவிப்பை எதிர்த்து, நவம்பர் 19 அன்று ஆயிரக்கணக்கான உழவர்கள் லண்டனில் திரண்டார்கள். குழந்தைகள் பொம்மை டிராக்டரில் ஊர்வலம் வந்தார்கள். 2025 டிசம்பரில் வரம்பு 25 லட்சம் பவுண்டாக உயர்த்தப்பட்டது.

கெலவரப்பள்ளி வட்டாரம் இன்று

1990களில் பயன்பாட்டுக்கு வந்த கெலவரப்பள்ளி அணை இரண்டு வாய்க்கால்கள் வழியே சுமார் 8,000 ஏக்கருக்குத் தண்ணீர் தருகிறது. பெங்களூருக் கழிவு கலந்து மதகில் நுரை மலைபோல் எழும் காட்சி பலமுறை செய்தியாகியிருக்கிறது. அந்த நுரைக்கு அப்பால் கேழ்வரகும், அதன் வரிசைக்கிடையே ஊடுபயிராக அவரையும், தக்காளியும், பசுமைக்குடில்களில் ரோஜாவும் இன்னும் விளைகின்றன.

இங்கே தகப்பன் இறந்தால் மரண வரி இல்லை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வாங்கிக் கிராம நிர்வாக அலுவலரிடம் பட்டா மாறுதலுக்கு எழுதிக்கொடுத்தால் போதும். குடும்பத்தாருக்குள் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்தால் ஒவ்வொரு பங்கின் மதிப்பில் 1 விழுக்காடு முத்திரைத் தீர்வை. அதற்கு உச்சவரம்பு 25,000 ரூபாயாக இருந்தது, 2023 ஜூலையில் 40,000 ஆனது. பதிவுக் கட்டண உச்சவரம்பு 4,000இலிருந்து 10,000 ஆனது. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் மகள்களும் பங்காளிகள். ஆனால் நிலத்தை விற்றால் நிலை வேறு. ஓசூர் மாநகராட்சி எல்லையிலிருந்து 6 கி.மீ.க்குள் இருக்கும் விவசாய நிலம் வருமான வரிச் சட்டத்தின் கண்ணில் மூலதனச் சொத்து. விற்ற ஆதாயத்துக்கு வரி உண்டு.

ஒரு குடும்பத்தின் தலைமுறைகளை நில அளவை எண்ணிலேயே படிக்கலாம். தாத்தா காலத்தில் 84 என்று இருந்த எண், அவர் பிள்ளைகள் பிரித்தபோது 84/2 ஆகிறது, பேரன்கள் காலத்தில் 84/2பி, அடுத்து 84/2பி1. ஒவ்வொரு உட்பிரிவுக்குப் பின்னாலும் பெரும்பாலும் ஒரு சாவோ பாகமோ இருக்கும். நில அளவர் வந்து புதிதாகக் கல் நட்ட இடத்தில், நாலு ஏக்கர் ஒரே கொல்லையாக இருந்தது எழுபது சென்ட் ஆகியிருக்கும். வரி செய்யாத துண்டாடலைப் பாகம் செய்தது.

1970களில் அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் வந்தது முதல் இந்த வட்டாரத்தில் நிலம் கைமாறும் இன்னொரு வழி கையகப்படுத்தல். இதற்குப் பயன்படும் 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டத்தை 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. மாநில அரசு புதுச் சட்டம் இயற்றி அதை மீட்டது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. சூளகிரி வட்டாரத்து உத்தனப்பள்ளி, நாகமங்கலம், அயர்னப்பள்ளி ஊராட்சிகளில் 3,000 ஏக்கருக்கு மேல் எடுக்கும் சிப்காட் திட்டத்தை எதிர்த்து விவசாயிகள் 2023 தொடக்கத்தில் தொடர் காத்திருப்புப் போராட்டத்தில் இறங்கினார்கள். நிலம் எடுக்கப்பட்ட இடங்களில் இழப்பீடு உட்பிரிவு வாரியாகத்தான் எண்ணிக் கொடுக்கப்படுகிறது. 84/2பி1க்கு ஒரு தொகை, 84/2பி2க்கு ஒரு தொகை. அதன்பின் பட்டாவில் இருக்கும் பெயர் சிப்காட் ஒன்றே.